பாலே உடைக்குத் தண்ணீர் கடைசி வழி

பாலே என்னும் மேலைநாட்டு நடனத்துக்கு அணியும் உடை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது ஒரே துணியால் ஆனதன்று என்பது உடனே தெரிந்துவிடும். உடலைக் கவ்விப் பிடிக்கும் மேற்சட்டையின் வெளிப்புறத்தில் சாட்டினோ பட்டோ வெல்வெட்டோ இருக்கும். உட்புறத்தில் பருத்தி லைனிங் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, சட்டை சுருங்காமல் நிற்பதற்காக உருக்குப் பட்டிகளையோ பிளாஸ்டிக் பட்டிகளையோ செருகியிருப்பார்கள். இடுப்புக்குக் கீழே நைலான் வலைத்துணி பத்துப் பன்னிரண்டு அடுக்குகளாக விரிந்து நிற்கும். இவற்றின் மேல் சமிக்கி, கண்ணாடிக் கல், சரிகை, சில உடைகளில் இறகு. பருத்தி வெந்நீரைத் தாங்கும், பட்டு தாங்காது. நைலான் நனைவதால் கெடுவதில்லை, ஆனால் அதை விறைப்பாக வைத்திருக்கும் பசை கரைந்து போகலாம். கல்லுக்குத் தண்ணீரால் ஒன்றும் நேராது. கல்லை ஒட்டிய பசைக்கு நேரும். ஆகையால் உடையில் எந்தப் பொருள் மிக எளிதில் கெடக்கூடியதோ, அந்தப் பொருளுக்கு ஏற்ற முறையில்தான் உடை முழுவதையும் கையாள வேண்டும்.

இதிலிருந்து பிறக்கும் நடைமுறை விதி ஒன்றே. பாலே உடையைத் துவைப்பது கடைசி வழி. துவைக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதே உண்மையான பராமரிப்பு. மேடை உடைகளைப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்பவர்கள் டூட்டூ எனப்படும், வலை அடுக்குகள் விறைத்து நிற்கும் பாவாடை உடை ஒன்றை முழுவதுமாகத் தண்ணீரில் இறக்குவது மிக அரிது. காற்றாட விடுவது, நாற்றத்தை நீக்குவது, கறை பட்ட இடத்தை மட்டும் துடைப்பது, தையல் விட்ட இடத்தை அன்றைக்கே தைப்பது ஆகிய வேலைகளிலேயே அவர்களுடைய நேரம் போகும். வீட்டிலும் அதே ஒழுங்கைப் பின்பற்றலாம்.

முதலில் உடையை அறிந்துகொள்ளுதல்

கடையில் வாங்கும் லியோடார்டில், அதாவது உடலோடு ஒட்டி நிற்கும் ஒற்றை ஆடையில், சலவைக் குறியீடுகள் கொண்ட சிறு பட்டி இருக்கும். தையற்காரர் கையால் தைத்துக் கொடுத்த டூட்டூவில் பெரும்பாலும் அப்படி ஒன்றும் இராது. தைத்தவரைக் கேட்க முடிந்தால் கேட்டுவிடுவது நல்லது. வாடகைக்கு எடுத்த உடையாக இருந்தால் கேட்காமல் தொடவே கூடாது, ஏனெனில் நாம் நல்லெண்ணத்தோடு நனைத்த உடைக்கு முழு விலையும் கொடுக்க நேரிடலாம்.

கேட்க ஆளில்லை என்றால், தையல் ஓரத்தின் உட்புறத்தில் பிரிந்து நிற்கும் இழை ஒன்றை வெட்டியெடுத்து, ஒரு பீங்கான் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்து எரித்துப் பார்க்கலாம். இதை உடையை வைத்திருக்கும் அறையில் செய்யாமல் வேறிடத்தில் செய்ய வேண்டும். பட்டு மெல்ல எரியும், மயிர் பொசுங்கும் மணம் வரும், கரி விரலில் நசுங்கிப் பொடியாகும். பருத்தி காகிதம் எரிவது போல மணத்து, மெல்லிய சாம்பலாகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டியான மணியாக உறையும். அசிடேட் என்னும் செயற்கை இழையும் உருகும், ஆனால் காடியின் புளித்த மணம் வீசும். இந்தக் கடைசி வேறுபாட்டை அறிவது முக்கியம், ஏனெனில் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் ஒரு சொட்டுப் பட்டாலும் அசிடேட் துணி கரைந்து ஓட்டையாகிவிடும்.

அடுத்தது சாயச் சோதனை. வெள்ளைப் பருத்தித் துணியை ஈரமாக்கி, உடையின் உட்புறத்தில் கண்ணில் படாத ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் அழுத்தி வைத்து எடுக்க வேண்டும். துணியில் சிறிது நிறம் ஒட்டினாலும் அந்த உடையை நனைக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும், சமிக்கிக்கும், வண்ணம் தீட்டிய பகுதிக்கும் தனித்தனியே இந்தச் சோதனையைச் செய்வது அவசியம். நைலான் பிற துணிகளின் சாயத்தை மிக எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஒருமுறை நான் வெளிர் ரோஜா நிற வலைத்துணியை மட்டும் சோதித்துவிட்டு, இடுப்புப் பட்டிக்குள் இருந்த கருஞ்சிவப்பு நாடாவை மறந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் கீழடுக்குகள் மூன்றும் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தன, அந்தச் சிவப்பு பிறகு எதற்கும் அசையவில்லை.

பழைய உடை கையில் கிடைத்தவர்கள் சமிக்கியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 1930-களில் ஜெலட்டினால் செய்த சமிக்கிகளும் புழக்கத்தில் இருந்தன. அவை ஈரத்திலும் சூட்டிலும் இளகிக் கரைந்துவிடும். அத்தகைய உடைக்கு வீட்டில் செய்யத்தக்கது தூசி தட்டுவது ஒன்றுதான்.

ஆட்டம் முடிந்த அன்றிரவு செய்ய வேண்டியவை

உடையைக் கெடுப்பதில் அழுக்கைவிட வியர்வைக்கே முதலிடம். புதிதாகச் சுரக்கும் வியர்வை சற்றே அமிலத் தன்மையுடையது; துணியிலேயே தங்கிவிட்டால் நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்க, அது காரத் தன்மைக்கு மாறுகிறது, நாற்றமும் அப்போதுதான் எழுகிறது. அதிலுள்ள உப்பு இழைகளுக்குள் படிந்து பட்டை நொறுங்கச் செய்கிறது, சாயத்தை மங்கச் செய்கிறது, கொக்கிகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. ஆடி முடித்த களைப்பில் ஈர உடையைச் சுருட்டிப் பைக்குள் திணித்து மறுநாள் எடுப்பவர்கள், பத்து முறை துவைப்பதால் வரும் கேட்டைவிடப் பெரிய கேட்டை ஒரே இரவில் உடைக்கு வருவித்துவிடுகிறார்கள் என்றே சொல்வேன்.

எனவே உடையைக் கழற்றிய கையோடு உட்புறம் வெளியே தெரியுமாறு மேற்சட்டையை மடித்துவிட்டு, நிழலில் மின்விசிறிக்கு எதிரே தொங்கவிட வேண்டும். தோள்பட்டை நாடாக்களில் தொங்கவிட்டால் உடையின் எடையில் அவை நீண்டுவிடும். இடுப்பின் உட்புறத்தில் இரண்டு பருத்தி நாடாக்களைத் தைத்து, அவற்றைத் தாங்கியில் மாட்டுவதே சரியான முறை.

நாற்றத்துக்கு மேடை உடைப் பணியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் மருந்து வோட்கா. எந்த மணமும் சேர்க்காத, மிக மலிவான, 40 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட வோட்காவைத் தெளிப்பானில் நிரப்பி, லைனிங்கின் மீது, குறிப்பாக அக்குள், முதுகு, இடுப்பு ஆகிய இடங்களில், ஒரு சாண் தொலைவிலிருந்து மென்மையாகத் தெளிப்பார்கள். ஆல்கஹால் நாற்றத்துக்குக் காரணமான நுண்ணுயிரிகளைக் குறைத்துவிட்டு, தன் மணமும் இல்லாமல் ஆவியாகிவிடும். வோட்காவை வீட்டில் வைக்க விரும்பாதவர்கள் 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அதே அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். இதில் மருந்து வாடை சற்று நேரம் நிற்கும். துணி ஈரமாக வேண்டுமே ஒழியச் சொட்டக் கூடாது. சாயச் சோதனையை ஆல்கஹாலைக் கொண்டும் ஒருமுறை செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் தண்ணீருக்கு அசையாத சில சாயங்களும் வண்ணப்பூச்சுகளும் ஆல்கஹாலில் இளகும். தெளித்த உடை முழுவதும் உலரும்வரை அருகே விளக்குச் சுடரோ சூடான இஸ்திரிப் பெட்டியோ இருக்கக் கூடாது. இந்த முறை நாற்றத்தைப் போக்குமே தவிர, கறையையோ உப்பையோ நீக்காது. வாசனைத் திரவியத்தை இதற்கு மாற்றாகக் கொள்ள முடியாது. அது வியர்வையோடு கலந்து மூன்றாவதாக ஒரு வாடையை உண்டாக்குவதோடு, எண்ணெய்க் கறையையும் விட்டுச்செல்லும்.

வியர்வை உடையைத் தொடாமலே தடுக்க முடியுமானால் அதுவே சிறந்தது. அக்குளில் பிறை வடிவில் வெட்டிய இரட்டைப் பருத்தித் துணியை நான்கைந்து தளர்ந்த தையல்களால் பிடித்து வைத்தால், ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் அதை மட்டும் பிரித்துத் துவைத்துவிடலாம். மேற்சட்டைக்குள் தோல் நிறத்தில் மெல்லிய உள்ளாடை அணிவதும் அதே பயனைத் தரும். முகப்பூச்சையும் தலைமுடித் தெளிப்பையும் முடித்த பிறகே உடையை அணிய வேண்டும். தலைவழியாக அணியும் உடையென்றால் முகத்தின் மேல் மெல்லிய துணி ஒன்றைப் போர்த்திக்கொள்ள வேண்டும். உடை அணிந்தபின் தண்ணீரைத் தவிர வேறெதையும் உண்ணவோ பருகவோ கூடாது. விறைப்பான டூட்டூவுடன் நாற்காலியில் உட்காரவும் கூடாது. உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால், பின்புற அடுக்குகள் மடங்காமல் மேல்நோக்கி நிற்குமாறு முதுகுச் சாய்வில்லாத முக்காலியின் விளிம்பில் அமரலாம்.

கறைகளைத் தனித்தனியே நீக்குதல்

கறையைத் தேய்ப்பது வீட்டில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. சாட்டினில் தேய்த்தால் இழைகள் கலைந்து அந்த இடம் மட்டும் பளபளப்பை இழக்கும். வலைத்துணியில் தேய்த்தால் கண்ணிகள் விரிந்துவிடும். எந்தக் கறையானாலும் பின்னால் ஒரு வெள்ளைத் துணியை வைத்து, முன்னால் மற்றொரு வெள்ளைத் துணியால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும்.

கழுத்து விளிம்பில் படியும் முகப்பூச்சு எண்ணெயும் நிறமியும் கலந்தது. அதன் மீது நேராகத் தண்ணீரை வைத்தால் நிறமி பரவும். முதலில் சோளமாவையோ முகப்பவுடரையோ தூவி அரைமணி நேரம் விட்டு, எண்ணெயை அது குடித்தபின் மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். பிறகு ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, நீரைத் தவிர்த்து நுரையை மட்டும் துணியில் எடுத்து ஒற்றலாம். இறுதியில் வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றிச் சோப்பை எடுத்துவிட வேண்டும். பட்டிலும் சாட்டினிலும் ஈரம் உலரும்போது விளிம்பில் வளையம் போன்ற கோடு விழும். ஈர எல்லையைச் சுற்றி மேலும் சிறிது மங்கலாக ஈரப்படுத்திவிட்டு, விசிறிக் காற்றில் விரைவாக உலர்த்தினால் அது பெரும்பாலும் விழாது.

டைட்ஸிலும் (கால்களோடு ஒட்டிய நீள் காலுறை) காலணியிலும் இரத்தம் படிவது, விரல்நுனியில் நின்றாடுவதற்கான பாயின்ட் ஷூ அணிந்து ஆடுபவர்களுக்குப் புதிதன்று. அதற்குக் குளிர்ந்த நீர் மட்டுமே. வெந்நீர் பட்டால் அதிலுள்ள புரதம் உறைந்து கறை நிலைத்துவிடும். வெண்ணிறத் துணியில் எஞ்சும் மஞ்சள் தடத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் தொட்டு வைத்து, நுரை அடங்கியபின் அலசிவிடலாம். புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த சலவைத் திரவங்கள் இரத்தத்துக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் பட்டும் புரதமே ஆகையால் பட்டு உடையில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

வழுக்காமலிருக்கக் காலணியின் அடியில் தேய்க்கும் ரோசின், பைன் மரத்தின் பிசின். அது தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். காய்ந்த துகள்களை முதலில் தட்டி உதிர்த்துவிட்டு, ஒட்டியதை மட்டும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் எடுக்க வேண்டும். தலைமுடித் தெளிப்பின் பிசுபிசுப்புக்கும் இதுவே வழி.

அக்குளில் மஞ்சளாகக் கெட்டிப்படும் கறையில் வியர்வையோடு வியர்வைத் தடுப்பானிலுள்ள அலுமினிய உப்பும் சேர்ந்திருக்கும். பருத்தி லைனிங்கில் மட்டும், வெள்ளை வினிகர் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து அலசினால் அது இளகும். கொக்கிகளில் வினிகர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளோரின் பிளீச்சைப் பாலே உடை எதன் அருகிலும் கொண்டுவரக் கூடாது. அது நைலானையும், ஸ்பான்டெக்ஸ் என்னும் நீளும் இழையையும் மஞ்சளாக்கி நலிவுறச் செய்யும், பட்டைத் தின்றுவிடும்.

டூட்டூவை நனைத்தே தீர வேண்டுமென்றால்

பல சமயம் டூட்டூவில் உண்மையிலேயே அழுக்காவது உள்ளே தைத்த ஜட்டிப் பகுதி மட்டும்தான். அப்படியானால் வலை அடுக்குகளை மேல்நோக்கித் தூக்கி ஒரு பெரிய துண்டால் சுற்றிக் கட்டிவிட்டு, ஜட்டிப் பகுதியை மட்டும் ஒரு கிண்ணத்து நீரில் துவைத்து அலசிவிடலாம். ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் துவைத்தால் பத்து நிமிட வேலை. முழு உடையையும் நனைப்பதற்கு முன், இது போதுமா என்று ஒன்றுக்கு இருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுக்குகளே சாம்பல் பூத்துப் போயிருந்தால் மட்டும் முழுக் குளியல். நன்கு தைத்த டூட்டூவில் மேற்சட்டையை இடுப்புப் பட்டியோடு கைத்தையலால் மட்டுமே சேர்த்திருப்பார்கள், பிரித்தெடுப்பதற்காகவே அப்படிச் செய்வது வழக்கம். அதைப் பிரித்து மேற்சட்டையைத் தனியே வைத்துவிட வேண்டும். மேற்சட்டையில் உருக்குப் பட்டிகள் இருந்தால் அதை நனைக்கவே கூடாது. லைனிங்கை மட்டும் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். தட்டையாக நிற்கும் டூட்டூவின் நடு அடுக்கு ஒன்றில், சிறு குழல் போன்ற தையலுக்குள் வளையக் கம்பி ஓடும். அது உருக்காக இருந்தால் தையலைச் சற்றே திறந்து உருவியெடுத்துவிட்டு, உலர்ந்தபின் செருக வேண்டும். கம்பி சேரும் இடத்தை வண்ண நூலால் குறித்துக்கொண்டால் திரும்பப் பொருத்தும்போது வட்டம் கோணாது. கொக்கிகள் வலையில் மாட்டிக் கிழிக்காமலிருக்க அவற்றை மாட்டிவைத்து, மேலே ஒரு துணித்துண்டைத் தைத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தீப்பற்றாமலிருக்க வேதிப் பூச்சு ஏற்றிய மேடை உடைகள் உண்டு. அந்தப் பூச்சுகளுள் பல தண்ணீரில் கரைபவை. ஒருமுறை அலசினாலே போய்விடும், மீண்டும் ஏற்றினாலன்றிப் பாதுகாப்பு இராது. இந்தப் பூச்சின் தொடக்க வரலாறு துயரமானது. பாரிஸ் ஓப்பராவில் மேடையை எரிவாயு விளக்குகள் ஒளியூட்டிய காலத்தில், துணியைப் படிகார உப்பில் தோய்த்துத் தீயிலிருந்து காக்கும் முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. அது வெண்மையைப் பழுப்பாக்கித் துணியை விறைக்கச் செய்தது என்பதால் எம்மா லிவ்ரி என்னும் இளம் நடனக் கலைஞர் அதை ஏற்க மறுத்தார். 1862 நவம்பரில் ஓர் ஒத்திகையின்போது விளக்குச் சுடர் அவருடைய பாவாடையில் பற்றியது. எட்டு மாத வேதனைக்குப் பின் 1863 ஜூலையில், 20 வயதில், அவர் இறந்தார். உடையில் இத்தகைய பூச்சு இருக்கிறதா என்பதை அறியாமல் அதை நனைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

குளியல் தொட்டியோ, டூட்டூ மடங்காமல் அமரும் அளவு அகன்ற வேறு பாத்திரமோ வேண்டும். விரித்த டூட்டூ ஏறத்தாழ 1 மீட்டர் விட்டமுடையது என்பதால் வாளி உதவாது. நீர் 30 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது. கையை விட்டால் குளிர்ச்சியாகத் தோன்ற வேண்டும். காரமில்லாத சலவைத் திரவத்தை, 20 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில், முதலில் முழுவதுமாகக் கரைத்துவிட்டே உடையை இறக்க வேண்டும். சலவைத் தூள் வேண்டாம், கரையாத துகள்கள் வலைக் கண்ணிகளில் சிக்கிக்கொள்ளும். டூட்டூவைத் தலைகீழாக இரு கைகளாலும் தாங்கி நீரில் இறக்கி, பத்து நிமிடம் மெல்ல மேலும் கீழும் அசைத்தால் போதும். கசக்குவது, பிழிவது, தூரிகை போடுவது எதுவும் கூடாது. நீண்ட நேரம் ஊறவைத்தால் அழுக்கு கூடுதலாகப் போகும் என்று நினைப்பது தவறு. கொக்கி துருப்பிடிப்பதும் பசை கரைவதுமே கூடுதலாக நடக்கும். வெள்ளை நைலான் மிகவும் மங்கியிருந்தால், பட்டும் உலோகச் சரிகையும் இல்லாத நிலையில், ஆக்சிஜன் வகை வெளுப்பானை இதே நீரில் சிறிதளவு சேர்க்கலாம். பின் நல்ல நீரில் மூன்று நான்கு முறை, நுரை அறவே இல்லாமல் போகும்வரை அலச வேண்டும். துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்த்தால், எந்த விறைப்பைக் காக்க இவ்வளவும் செய்கிறோமோ அதையே இழப்போம்.

நனைந்த டூட்டூ கனக்கும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் அடுக்குகள் இடுப்புத் தையலிலிருந்து பிய்ந்துவிடும். நடுப்பகுதிக்கு அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்கி, தொட்டியின் மேல் சில நிமிடம் வடியவிட்டு, பிறகு ஜட்டியின் இரு கால் துளைகளிலும் ஒரு கழியை நுழைத்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். அப்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியாமல், ஆட்டத்தில் நிற்க வேண்டிய திசையை நோக்கியே விழும். இடம் நிழலாக இருக்க வேண்டும், ஏனெனில் வெயில் நைலானையும் பட்டையும் மஞ்சளாக்கும். விசிறிக் காற்று எல்லாப் பக்கமும் படுமாறு அவ்வப்போது திருப்பிவிட்டு, இடுப்பை ஒட்டிய குட்டை அடுக்குகளை விரலால் பிரித்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் ஈரம் கடைசிவரை ஒளிந்திருக்கும்.

உலர்சலவைக்குக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று தோன்றலாம். அதில் பயன்படும் கரைப்பான் சில வகைச் சமிக்கிகளின் பூச்சைக் கரைக்கும், கற்களை ஒட்டிய பசையை இளக்கும். கற்களற்ற பட்டு மேற்சட்டைக்கு அது நல்ல வழி. கல் பதித்த உடையென்றால் ஒரு கல்லைக் காட்டி, சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யச் சொல்ல வேண்டும்.

விறைப்பை மீட்பதும் தையலைச் சரிசெய்வதும்

உலர்ந்த டூட்டூ முதலில் பார்ப்பதற்குச் சோர்வூட்டும்படி வாடியிருக்கும். தலைகீழாகத் தொங்கும் நிலையிலேயே, கையடக்க நீராவிக் கருவியை 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, குட்டை அடுக்கில் தொடங்கி ஒவ்வோர் அடுக்காக ஆவி காட்ட வேண்டும். நைலான் சூட்டில் இளகி, ஆறும்போது இருக்கும் வடிவத்திலேயே உறையும் இயல்புடையது. ஆகவே ஆவி பட்ட இடத்தை விரல்களால் வெளிநோக்கி நீவி இழுத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருப்பதில்தான் வேலையின் பலன் இருக்கிறது. ஆவியை ஒரே இடத்தில் நிறுத்தினால் வலை துவண்டுவிடும். இஸ்திரி போட்டே ஆக வேண்டுமென்றால், 110 பாகைக்கு மேற்படாத, பெட்டியில் ஒற்றைப்புள்ளியால் குறித்த அளவில், மேலே பருத்தித் துணி விரித்துப் போட வேண்டும். வெல்வெட்டுக்கு ஆவியைப் பின்புறத்திலிருந்து மட்டும் காட்ட வேண்டும், முன்புறத்தில் இஸ்திரி பட்டால் பஞ்சு படுத்துவிடும், மீண்டும் எழாது.

கஞ்சி போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. புதிதில் நன்றாக விறைத்து நின்றாலும் காற்றின் ஈரத்தில் இளகும், பூச்சிகளையும் அழைத்து வரும். ஆவிக்கும் நிமிராத வலை தன் காலத்தை முடித்துவிட்டது என்று கொண்டு, மேலடுக்குகள் இரண்டை மாற்றித் தைப்பதே மேல்.

அடுக்குகள் தொய்வதற்குத் துணி மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஓர் அடுக்கை அடுத்ததோடு இணைக்கும் தளர்ந்த நூல் தையல்கள் அறுந்து போனாலும் டூட்டூ ஒரு பக்கம் சாயும். இவற்றை ஒரு கை அகல இடைவெளியில், இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே 2 அல்லது 3 சென்டிமீட்டர் நூல் தளர்வாக நிற்குமாறு தைத்து முடிச்சிட வேண்டும். இறுக்கித் தைத்தால் அந்த இடம் குழிந்து, ஒளியில் பார்வையாளர்களுக்குப் புள்ளியாகத் தெரியும். ஆடும்போது அடுக்குகள் அலைவதற்கும் இடமிராது. வலையின் ஓரம் கிழிந்திருந்தால் ஒட்டுப் போடக் கூடாது, கிழிந்த நுனியைக் கத்தரித்துவிடலாம், ஒரு கண்ணிக் குறைவு யாருக்கும் தெரியாது. சமிக்கி வரிசையில் நூல் அறுந்தால் அன்றே முடிச்சிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆட்டத்தில் வரிசை முழுவதும் மேடையில் சிதறி, மற்றவர் கால் வழுக்கவும் காரணமாகும்.

லியோடார்ட், டைட்ஸ், காலணி

இவை உடல் வியர்வையை நேராக ஏற்பவை ஆகையால் ஒவ்வொரு முறையும் துவைத்தாக வேண்டும், அதற்கேற்பவே இவற்றை நெய்திருக்கிறார்கள். உட்புறத்தை வெளியே திருப்பி, வலைப் பையில் இட்டு, 30 பாகை நீரில் மென்மையான சுற்றில் இயந்திரத்திலேயே துவைக்கலாம். துணி மென்மையாக்கி ஸ்பான்டெக்ஸின் மீது படலமாகப் படிந்து வியர்வையை உறிஞ்சவிடாது, உலர்த்தும் இயந்திரத்தின் சூடோ அதன் நீட்சியைக் கொன்றுவிடும், இரண்டும் வேண்டாம். கல் பதித்த லியோடார்டைக் கையால்தான் துவைக்க வேண்டும், தட்டையாக விரித்துத்தான் உலர்த்த வேண்டும்.

கான்வாஸ் காலணியை டைட்ஸைப் போலவே துவைத்துவிடலாம். தோல் காலணியை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்த வேண்டும். பாயின்ட் ஷூவை ஒருபோதும் நனைக்கக் கூடாது, ஏனெனில் விரல்நுனியைத் தாங்கும் அதன் முன்பெட்டி துணியையும் காகிதத்தையும் பசையால் அடுக்கி ஒட்டியது; ஈரம் பசையை இளக்கினால் காலணி செத்துப்போகும். வியர்வையே அதைப் பாதி இளக்கிவிடுகிறது என்பதால், ஆடி முடித்ததும் உள்ளே வைத்த பஞ்சையும் பட்டையையும் எடுத்துவிட்டு, பைக்கு வெளியே காற்றோட்டத்தில் ஒரு நாள் முழுவதும் காயவிட வேண்டும். அடுப்பருகிலோ முடி உலர்த்தியின் சூட்டிலோ காய வைத்தால் பசை நொறுங்கும். சாட்டின் அழுக்கானால் பலர் அதன்மேல் கேலமைன் லோஷனை மெல்லப் பூசி உலரவிடுவார்கள். அழுக்கு மறைவதோடு மேடை ஒளியில் கண்ணைப் பறிக்கும் பளபளப்பும் தணியும்.

எடுத்து வைத்தல்

முற்றிலும் உலராத எதையும் மூடி வைக்கக் கூடாது. தட்டையான டூட்டூவை ஜட்டி மேலே தெரியுமாறு தலைகீழாகப் படுக்க வைக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அதே நிலையில் நான்கைந்து வரை அடுக்கலாம். வட்டமான டூட்டூப் பையிலும் இதே நிலைதான். கெண்டைக்கால் வரை தொங்கும் நீண்ட மென்வலைப் பாவாடையை இடுப்பு நாடாக்களில் மாட்டித் தொங்கவிடலாம். பயணத்துக்குப் பிளாஸ்டிக் பை போதுமானது, மாதக்கணக்கில் வைப்பதற்கு அது ஆகாது. ஈரத்தை உள்ளேயே அடக்கி நிறத்தை மஞ்சளாக்கும். துவைத்த பழைய பருத்திப் போர்வையால் மூடுவது எவ்வளவோ மேல். மேற்சட்டையின் மடிப்புகளுக்குள் அமிலம் கலவாத மென்தாளைச் சுருட்டி வைத்தால் கோடு விழாது. சரிகை கறுக்காமலிருக்க ரப்பரையும் கம்பளித் துணியையும் அதனருகே வைக்கக் கூடாது, இரண்டிலும் உள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்கச் செய்யும். நாப்தலின் உருண்டைகளின் ஆவி சில வகைப் பிளாஸ்டிக் மணிகளை இளக்கும் என்பதால், பட்டும் இறகும் கொண்ட உடைகளுக்குக்கூட அவற்றைத் தவிர்த்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உடையை வெளியே எடுத்து உதறிக் காற்றாட விட்டு, முன்பு இருந்த மடிப்பிலேயே மடிக்காமல் இடம் மாற்றி மடித்து வைக்க வேண்டும்.